பந்தி வேண்டாம், ஒரு எலி போதும்

காரைக்குடியில் எங்கள் பங்காளி வீட்டுப் பையன் பால் பைதான் என்ற பாம்பை வளர்க்கிறான். பெயரைக் கேட்டதும் அப்பத்தா கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்தப் பாலு இல்ல அப்பத்தா. இங்கிலீசுல பந்து. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும்."

"எந்தப் பாலா இருந்தா என்னடா, வெறும் வயித்தோடவா போடுவ?"

தாகம் முற்றினால் பாம்பு பாலையும் குடித்துவைக்கும், செரிக்காது. அதற்குத் தண்ணீர்தான். (நம்மூர்ச் சாரையையோ மலைப்பாம்பையோ வளர்க்க 1972 வனவுயிர்ச் சட்டம் இடம் தராது. இது ஆப்பிரிக்கப் பாம்பு. இதற்கும் பதிவு வேண்டும்.)

அப்பத்தாவின் அடுத்த யோசனை கறிக்கடை ஈரல். விஷயமே இங்கேதான் இருக்கிறது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். அதையே தின்றுவந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். ஈரல் மட்டும் என்றால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும். முழு எலியில் எலும்பு, ஈரல், கொழுப்பு, குடல் எல்லாம் அளவோடு சேர்ந்தே வருகின்றன. நாம் இலை நிறைய வைத்துச் சரிக்கட்டுவது அந்த ஒரு தோலுக்குள் அடங்கிவிடுகிறது. பாம்பின் இரைப்பை அமிலம் எலும்பையும் கரைத்துவிடும். ரோமம் மட்டும் அப்படியே வெளியே வரும்.

மாற்றித் தர நினைத்தால் எப்போதாவது முழுக் காடைக்குஞ்சு தரலாம். காட்டில் இது பறவையும் பிடிக்கும். மசாலா தடவாத காடை. பையனின் ஐயா கேட்டதால்தான் இதைச் சொல்கிறேன்.

வளவு வீட்டில் எலிக்கா பஞ்சம்? ஆனால் அதைப் பிடித்துப் போடக் கூடாது. ரத்தத்தை உறையவிடாத எலி மருந்தைத் தின்ற எலி சில நாள் நடமாடும். அதை விழுங்கும் பாம்புக்கும் விஷம் ஏறலாம். குடல்புழுவும் உண்டு. உயிருள்ள எலி திருப்பிக் கடித்தால் பாம்பின் கண்ணே போகும். அதனால் தீனிக்கென்றே வளர்த்து உறையவைத்த எலிதான் சரி. பருமன், பாம்பின் உடம்பு மிகத் தடித்த இடத்தின் அளவு.

அன்று இரை நாள். ராத்திரி முழுக்க குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகிய எலியைப் பையோடு வெந்நீரில் போட்டான். இதன் மேலுதட்டுக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. குளிர்ந்த எலியை அது இரையாகவே மதிக்காமல் போகலாம். துடைத்து, நீள இடுக்கியால் அசைத்தான். நாக்கு மூன்று நான்கு முறை வந்து போனது. பிறகு ஒரே பாய்ச்சல், சுருட்டல்.

"மூச்சு முட்டாதாடா?"

முட்டாது. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் இழுபடும் தசைநாரால் மட்டுமே இணைந்தவை. இடமும் வலமுமாக மாறி மாறி முன்னேறி இரையை உள்ளே தள்ளும். அப்போது மூச்சுக்குழல் வாய் ஒரு சிறு குழாயாக ஓரத்தில் நீண்டு நிற்கும். அப்பத்தா குனிந்து பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

இனி இரண்டு நாள் அதைத் தூக்கக் கூடாது. கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி வெதுவெதுப்பு இருக்க வேண்டும்; குளிர்ந்தால் செரிமானம் நின்று, இரை வயிற்றிலேயே அழுகி, கக்கிவிடும். வளர்ந்த பாம்புக்கு அடுத்த இரை ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான்.

உறையவைத்தாலும் எலியில் இருக்கக்கூடிய, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி சாகாது என்று பையன் சொல்லிவிட்டான். அன்று மாலையே அப்பத்தாவின் தயிர்ச்சட்டி பக்கத்து வீட்டு பிரிட்ஜுக்குக் குடிபோய்விட்டது. எலிக்குத் தனிப்பெட்டி வாங்கும்வரை அங்கேதானாம்.