கூடுதல் முப்பது குதிரைக்குத் தீனி போடுவது யார்?

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பையன் கார் கொண்டுவந்தான். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "அண்ணே, மேம்பாலம் ஏறும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறுது, வண்டி ஏறமாட்டேங்குது" என்றான். கேட்டதுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதியை நானே கேட்டேன்: "ரீமேப் பண்ணியா மக்கா?" சிரித்தான். வெளியூரில் ஒரு இடத்தில் லேப்டாப்பை மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை (மேப்) மாற்றி எழுதி, முக்கால் மணி நேரத்தில் 120 குதிரைத்திறனை 150 ஆக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தோம். கிளட்ச் பிளேட் தேய்ந்து, ரிவெட் தலை வெளியே எட்டிப் பார்க்கிற நிலைமை. கிளட்ச் உரசி நிற்கிற ஃபிளைவீல் சக்கரத்தின் முகத்தில் திட்டுத் திட்டாக மயில்கழுத்து நிறம். அது இரும்பு சூட்டில் மாறிய நிறம். விரல் நகத்தை ஓட்டினால் மெல்லிய வெடிப்புகள் தட்டுப்பட்டன. அந்தக் கருகல் நாற்றம் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போக மத்தியானம் ஆனது.

அவன் அப்போது கேட்டதுதான் இதை எழுத வைத்தது. "எஞ்சின் 150 தாங்குதுல்ல அண்ணே. அப்போ கம்பெனிக்காரன் வேணும்னே பவரைக் குறைச்சுத்தானே வித்திருக்கான்?"

ஆமாம், வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறான். அப்படிக் குறைக்கிற மேஜையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

நாகர்கோவிலுக்கு வந்து ஒர்க்‌ஷாப் போடுவதற்கு முன், பதினோரு வருஷம் சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் எஞ்சின் சோதனைப் பிரிவில் இருந்தேன். சோதனை அறையில் எஞ்சினை, அதன் பலத்தை அளக்கிற டைனமோமீட்டரில் பூட்டி, ராத்திரி பகலாக முழு லோடில் ஓட விடுவோம். விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தால் எரிந்த வாயு வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் கொல்லன் உலையில் கிடக்கிற இரும்பு மாதிரி சிவந்து நிற்கும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் அந்த வாயுவின் சூடு 900 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினால் பவர் வரும். கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்க டர்போவுக்கு நிக்கல் அதிகமுள்ள உலோகம் வேண்டும், அந்தக் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர் வேண்டும். கூடுகிற முறுக்குவிசையைத் தாங்க கிளட்ச், கியர் பல், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் ஒரு படி தடிக்க வேண்டும். வண்டி வேகமாகப் போனால் நிறுத்தவும் வேண்டுமே, அதனால் பிரேக் டிஸ்க்கும் டயரும் பெரிதாகும்.

சரி, ஒரு காருக்கு 500 ரூபாய்தான் கூடுகிறது என்று வையுங்கள். ஒரு லட்சம் கார் விற்றால் ஐந்து கோடி. எங்கள் காஸ்டிங் (செலவுக் கணக்கு) கூட்டங்களில் ஒரு பிராக்கெட்டுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கஞ்சத்தனமாகத் தெரியும். அதோடு வாரண்டி வேறு. அதே கார் லடாக் குளிரிலும் போக வேண்டும், வள்ளியூரின் மே மாத வெயிலில் ஐந்து பேரை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டும் போக வேண்டும், ஆயில் மாற்றவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவர் கையிலும் ஓட வேண்டும். எஞ்சினில் மிச்சமாகத் தெரிகிற அந்த முப்பது குதிரை இவர்களுக்கெல்லாம் எடுத்து வைத்த பங்கு.

"அது சாதாரண கார். ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது" என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்கு இன்னும் கடுமை.

புகாட்டி வேய்ரானை எடுத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பீஎச் பிடிவாதமாக நின்று செய்ய வைத்த கார். 8 லிட்டர், 16 சிலிண்டர், 4 டர்போ, 1001 பி.எஸ். (ஐரோப்பியக் கணக்கில் குதிரைத்திறன்). 2005-இல் 407 கிலோமீட்டர் வேகம் தொட்டது. அந்தச் சூட்டை வெளியேற்ற மட்டும் 10 ரேடியேட்டர். முழு வேகத்தில் ஓட்டினால் 100 லிட்டர் டேங்க் கால் மணி நேரத்துக்குள் காலி. 2010-இல் சூப்பர் ஸ்போர்ட் என்ற பெயரில் 1200 பி.எஸ். ஆக்கினார்கள். வேகம் எவ்வளவு கூடியது? 431. கூடுதல் 200 குதிரைக்குக் கிடைத்தது 24 கிலோமீட்டர்.

ஏன் அவ்வளவுதான் என்பது காற்றாலைகள் நிற்கிற ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போய் வருகிற நமக்குச் சீக்கிரம் விளங்கும். காற்றாலைக்காரர்களிடம் கேளுங்கள், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு என்பார்கள். வேகத்தை வேகத்தாலேயே மும்முறை பெருக்குகிற கணக்கு, அதாவது கனம் (cube). காருக்கு அதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: காற்றைக் கிழித்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் போக எட்டு மடங்கு பவர் தேவை. 407-இலிருந்து 431 என்பது 1.06 மடங்கு. அதை மூன்று முறை பெருக்கினால் 1.19. ஆயிரத்தொன்றை அதால் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த 1200 வந்து நிற்கும். முப்பந்தலில் இறக்கை சுற்றுகிற அதே விதிதான் ஜெர்மனியின் சோதனைத் தளத்திலும்.

வேய்ரான் மொத்தம் 450 கார் விற்றது. அதை விற்றுப் பிழைக்க வேண்டிய அவசியம் அந்தக் குழுமத்துக்கு இல்லை. பீஎச்சுக்கு அது ஒரு கோபுரம் கட்டுகிற மாதிரி. டொயோட்டா செய்த லெக்சஸ் எல்.எஃப்.ஏ.வும் அந்த ரகம்: அலுமினியத்தில் ஆரம்பித்த உடலைப் பாதி வழியில் கைவிட்டு கார்பன் ஃபைபருக்கு மாறி, அதை நெய்ய ஒரு தறியே செய்து, கடைசியில் 500 கார்களோடு நிறுத்திக்கொண்டார்கள். தறி செய்து வாழ்ந்த குடும்பம்தான் டொயோட்டா, அது வேறு விஷயம். இந்த மாதிரி கார்களைப் பெரிய வீட்டுக்காரர்கள்தான் செய்ய முடியும். ஸ்போர்ட்ஸ் காரே பிழைப்பாக உள்ளவர்கள் செய்தால் வீடு போய்விடும்.

போய்விடப் பார்த்த கதைதான் போர்ஷே. 1990-களின் ஆரம்பத்தில் அந்தக் கம்பெனி மூழ்குகிற நிலைமையில் இருந்தது. கார் நன்றாக இருந்தது, செய்கிற செலவு கட்டுபடியாகவில்லை. வெண்டலின் வீடெகிங் தலைமைக்கு வந்ததும் குதிரையைக் கூட்டவில்லை, டொயோட்டா முறையில் தேறிய ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் கூட்டிவந்தார். அலமாரி அலமாரியாகத் தேங்கிக் கிடந்த ஸ்பேரைக் குறைத்தார். 1996-இல் பாக்ஸ்டர் வந்தது, 2.5 லிட்டர், வெறும் 204 பி.எஸ். அடுத்த வருஷம் வந்த, போர்ஷேவின் விலை கூடிய காரான 911-க்கும் அதற்கும் முகப்பு, கதவு, ஹெட்லைட் எல்லாம் பொது. 911 ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் கம்பெனி எழுந்து நின்றது அந்த 204 குதிரையின் மேல்தான்.

இங்கே இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. அதே தலைமுறை எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒரு சின்ன சாமான். அது உடைந்து முழு எஞ்சினும் போன கதைகள் உலகம் முழுக்கப் பிரசித்தம். குதிரையைப் பெருக்குவது மட்டும்தான் ஆபத்து என்றில்லை, செலவைத் தப்பான இடத்தில் சுருக்கினாலும் எஞ்சின் பழிவாங்கும்.

போர்ஷேவில் எனக்குப் பிடித்த கணக்கு கேமன். 2005-இல் வந்த கேமன் எஸ் நடுவில் எஞ்சின் உள்ள கார், எடைச் சமநிலையில் 911-ஐவிட நல்ல அமைப்பு. ஆனால் அதற்கு 295 பி.எஸ்., அந்தக் காலத்து 911 கரேராவுக்கு 325. தம்பி அண்ணனை முந்தக் கூடாது. விலை கூடிய காரின் விற்பனை கெடக் கூடாது என்பதற்காகவும் குதிரையைக் கட்டி வைப்பார்கள். இதைத்தான் நம் பையன் "வேணும்னே குறைக்கிறான்" என்றான். அந்த அளவுக்கு அவன் சொன்னது சரி.

குறைந்த குதிரையில் நிறையச் சந்தோஷம் விற்றவர்களும் இருக்கிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 1989-இல் 1.6 லிட்டர் எஞ்சினோடு, நூற்றுச் சொச்சம் குதிரையோடு, ஒரு டன்னுக்கும் குறைந்த எடையில் வந்தது. 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் செலவைப் பங்கு போட்டு 2012-இல் கொண்டுவந்த '86' என்ற காரில் 200 பி.எஸ்.தான். பவர் போதாது என்று எல்லோரும் திட்டினார்கள். அவர்கள் செய்த வேலையோ, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற பிரியஸ் காருக்குப் போடுகிற ரகத்து டயரை மாட்டியது! பிடிப்பு குறைந்த டயர், விலையும் குறைவு. சாதாரண வேகத்திலேயே வண்டி வளைவில் லேசாக வழுக்கிக் காட்டும், ஓட்டுபவனுக்குச் சிரிப்பு வரும். டயரில் மிச்சம் பிடித்து அதையே குணமாக்கி விற்றது, எனக்குத் தெரிந்து, எந்தக் காஸ்டிங் கூட்டத்துக்கும் பாடமாக வைக்கக் கூடியது.

நம் நாட்டில் டாடா 2017-இல் ஜெனீவா கண்காட்சியில் ரேசிமோ என்று ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது. 1.2 லிட்டர் டர்போ, 190 பி.எஸ். அழகான கார். கடைக்கு வரவே இல்லை. எண்ணிக்கை இல்லாத காருக்கு அச்சு வார்க்கிற செலவை யார் மேல் போடுவது?

குளச்சல் வள்ளக்காரர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் பழைய ஜீப்பை என்னிடம் விடுகிற ஒரு பெரியவர் ஃபைபர் வள்ளத்தில் 9.9 குதிரை அவுட்போர்டு எஞ்சின் வைத்திருக்கிறார். "பெருசா ஒண்ணு மாட்டினா சீக்கிரம் போயிட்டு வரலாமே பெரியப்பா" என்று ஒருதடவை கேட்டேன். "போலாம் மக்களே. நான் சீக்கிரம் போனா மீனும் சீக்கிரம் வந்து நிக்குமா? எண்ணெய்க்காரனுக்குத்தான் சந்தோஷம்" என்றார். பதினோரு வருஷக் கூட்டங்களில் இதைவிடச் சுருக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

இனி ரீமேப் ஆசை உள்ளவர்களுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வாரண்டி போகும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். நடுவில் பிரிப்பான் உள்ள நான்குவழிச் சாலையிலேயே காருக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 100 கிலோமீட்டர். நம் களியக்காவிளை ரோட்டில் அந்த நூறையும் நீங்கள் பார்க்கப் போவதில்லை.

ஏற்கெனவே பண்ணிவிட்டீர்களா? ஆள் இல்லாத நேரான ரோட்டில், மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம். அளவில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். முள் சட்டென்று தாவி, வண்டி அதற்கேற்ப இழுக்கவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்னொன்று: பெரிய கியரில் குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி ஏற்றாதீர்கள், கியரைக் குறைத்து ஏற்றுங்கள். ரீமேப் பண்ணிய சின்ன டர்போ எஞ்சினில் பிஸ்டன் உடைவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எஞ்சினில் "கிணுகிணு" என்று சத்தம் கேட்டால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய மேப்புக்குத் திரும்ப முடியுமா என்று செய்த இடத்திலேயே கேளுங்கள். ஒரிஜினல் ஃபைலைச் சேமித்து வைக்காதவரிடம் வண்டியைக் கொடுத்திருந்தால், அது தனித் தலைவலி.

வண்டி சுறுசுறுப்பாக வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை, எனக்கும் உண்டு. நல்ல டயர், நல்ல பிரேக் பேட், ஒழுங்கான அலைன்மென்ட் போட்டுவிட்டு பேச்சிப்பாறை ரோட்டில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். டிக்கியில் ஒரு வருஷமாகக் கிடக்கிற சாமான்களையும் இறக்கி வையுங்கள்.

அந்தப் பையனுக்கு கிளட்ச் செட்டும் ஃபிளைவீலும் மாற்றினோம், மேப்பையும் பழையதுக்குத் திருப்பியாயிற்று. பில் ரீமேப்புக்குக் கொடுத்ததைத் தாண்டியது. பழைய பிளேட்டைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைக்கப் போனேன், தடுத்தான்.

"வேண்டாம் அண்ணே, அப்பா பாத்தா சாவியைப் பிடுங்கிருவாங்க."

அது இப்போது என் மேஜையில், பில் புத்தகத்தின் மேல் பாரமாகக் கிடக்கிறது.