‘கரப்ட்’ ஆன ஃபைல்: சிதைந்த கோப்பு

‘கரப்ட்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். முன்னால் ஓர் ஒட்டு சேர்ந்து ‘கொர்ரும்பெரே’ ஆனபோது, முற்றாக உடைத்தல், கெடுத்தல் என்று பொருள் வலுத்தது. எரிமலை வெடிப்பைச் சொல்லும் ‘எரப்ஷன்’, குறுக்கிடுவதைச் சொல்லும் ‘இன்ட்டரப்ட்’ எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதான். ஆங்கிலத்தில் கரப்ட் என்பது லஞ்சம் வாங்குபவரை மட்டும் குறிக்கவில்லை. படி எடுத்தவர் கைத்தவறால் மூலம் மாறிப்போன ஏட்டையும் ‘கரப்ட் டெக்ஸ்ட்’ என்பார்கள். கணினியில் வழங்கும் பொருள் இந்த ஏட்டுப் பொருளுக்குத்தான் நெருக்கம்.

இது தெரியாத இயந்திர மொழிபெயர்ப்பு ‘ஊழல் கோப்பு’ என்று எழுதிவிடுகிறது. சிரிப்பு வந்தாலும், ஊழலின் பழைய கதையைப் பார்த்தால் அவ்வளவு அபத்தமாகத் தோன்றாது. ஊழ்த்தல் என்றால் முதலில் மலர்தல், முதிர்தல். ‘இணரூழ்த்தும் நாறா மலரனையர்’ என்ற குறளில் (650) அந்தப் பொருள்தான். முதிர்ச்சி மிஞ்சினால் பதம் கெடும், அழுகும். அப்படி அழுகியது ஊழல். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் முழுக்க அரசியலுக்குப் போய்விட்டது, திருப்பிக் கேட்டு வாங்க முடியாது.

கரப்ட் ஆன கோப்புக்கு ஏற்ற சொல் சிதைவு. ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ என்று தொல்காப்பியம் சொல்வது, உருத்திரிந்து வந்த வடசொற்களைப் பற்றி. பொருள் இருக்கிறது, உரு குலைந்திருக்கிறது. கரப்ட் ஆன ஃபைலின் நிலையும் பெரும்பாலும் அதுவே.

‘கோப்பு’ இன்னும் அழகான சொல். கோத்தது கோப்பு. ஆங்கில ‘ஃபைல்’ கூட, நூல் என்று பொருள்படும் ‘ஃபீலும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த காலத்துப் பெயர் அது. வன்தட்டிலும் கதை மாறவில்லை. ஒரு கோப்பு ஒரே இடத்தில் முழுதாக இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கலாம். கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான, பென்டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபேட் முறையில், ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டு எங்கே என்று ஓர் அட்டவணை சொல்லும். அந்த அட்டவணையில் ஒரு குறிப்பு தவறினாலும் மாலையின் நூல் அறுந்த மாதிரிதான்: மணிகள் அங்கேயே கிடக்கும், வரிசை போய்விடும்.

அதனால்தான் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பேன். கோப்பு ‘சிதைந்தது’ என்றால் உள்ளே இருப்பது குலைந்திருக்கிறது. ‘அழிந்தது’ என்றால் நீக்கப்பட்டது. ‘பழுது’ என்பதை வட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அது பழுது. அப்போது மென்பொருளோடு மல்லுக்கட்டாமல் கணினியை அணைத்துவிட வேண்டும், ஓடவிட்ட ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். வட்டு நலமாக இருந்து கோப்பு மட்டும் திறக்கவில்லை என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கலாம், பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கியிருக்கலாம். ‘சேவ் ஆகிவிட்டது’ என்று திரை சொன்னாலும், தரவு இன்னும் நினைவகத்தில் வரிசையில் நின்றிருக்கக்கூடும். கோப்பின் அளவு சரியாக இருந்து, உள்ளே வெறும் பூஜ்யங்களாக இருப்பதும் உண்டு. அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. பழைய நகல் இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

‘ரிப்பேர்’ வேறு, ‘ரிக்கவரி’ வேறு. முன்னது சீர்செய்தல், பின்னது மீட்டல். விண்டோஸில் உள்ள வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க் சீர்செய்வது அட்டவணையை, உங்கள் கட்டுரையை அல்ல. ஃபேட் வட்டில் அறுந்த துண்டுகளை ‘ஃபவுண்ட்.000’ என்ற அடைவில் (ஃபோல்டரில்), பெயரின் கடைசியில் ‘.சிஎச்கே’ என்ற வாலோடு போட்டுவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று போய்விடும். அது வட்டில் எழுதவும் செய்யும். ஆகவே முக்கியமான கோப்பு என்றால் முதலில் அதை வேறொரு வட்டுக்கு நகல் எடுங்கள், அப்புறம் செக்டிஸ்க்.

நகலில் என்ன செய்யலாம்? வேர்ட் கோப்பு என்றால், ‘ஓப்பன்’ பொத்தானின் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியில் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ இருக்கிறது. அது கைவிட்டால் இன்னொரு வழி உண்டு. ‘.டாக்எக்ஸ்’ என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். வாலை ‘.ஜிப்’ என்று மாற்றித் திறந்தால், ‘வேர்ட்’ அடைவில் ‘டாக்யுமென்ட்.எக்ஸ்எம்எல்’ கிடைக்கும். அலங்காரம் போனாலும் எழுத்து மிஞ்ச வாய்ப்புண்டு. ஜேபெக் படம் மேலே சரியாகவும் கீழே சாம்பல் நிறமாகவும் தெரிந்தால் பின்பாதி தரவு கெட்டிருக்கிறது, முன்பாதி பிழைத்திருக்கிறது. பதிவு பாதியில் நின்ற எம்பி4 வீடியோ திறக்காததற்கும் காரணம் உண்டு: எந்தக் காட்சி எங்கே என்று சொல்லும் அட்டவணையைப் பல கேமராக்கள் கடைசியில்தான் எழுதுகின்றன. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைக் கொண்டு அந்த அட்டவணையைக் கட்டித்தர முயலும் கருவிகள் இருக்கின்றன. கோப்புத் துண்டுகள் எங்கே என்று சொல்லும் அட்டவணையே இல்லாத வட்டுக்கு ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் உதவும். அது பெயர்களைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாள எண்களைத் தேடுகிறது. கிடைப்பவற்றுக்குப் பழைய பெயர் இருக்காது, நாமே உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பாமினி எழுத்துருவிலோ டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையிலோ அடித்த பழைய கோப்பைத் திறந்தால் புரியாத எழுத்துகளாகக் கொட்டும். ‘கரப்ட் ஆகிவிட்டது’ என்று பலர் அதை நீக்கியே விடுகிறார்கள். அது சிதைவே இல்லை. தரவு ஒரு பைட்டும் குறையாமல் இருக்கிறது, அதற்குரிய எழுத்துரு மட்டும் கணினியில் இல்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் கருவியில் ஒட்டினால் போதும், எழுதியது எழுதியபடியே வந்துவிடும்.