கார்ட் கவுண்டிங்: எண்ணுவதா, கணக்கு வைப்பதா?

கார்ட் கவுண்டிங் என்றதும், வந்த சீட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்யும் வித்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டலை 21ஐத் தாண்டாமல் அதற்கு அருகில் கொண்டுவரும் பிளாக்ஜாக் ஆட்டத்தில், இதுவரை விழுந்த சீட்டுகளை வைத்து, கட்டில் மிச்சம் இருப்பவை பெரியவையா சின்னவையா என்று அறிவதுதான் அது.

பெயர் அமெரிக்காவில் பிறந்தது. கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் 1962இல் வெளியிட்ட நூலில் சொன்ன முறைக்கு நிஜமாகவே எண்ண வேண்டியிருந்தது. ஒரு கட்டில் பத்து மதிப்புள்ளவை (10, ஜாக்கி, ராணி, ராஜா) 16, மற்றவை 36. சீட்டு விழ விழ இரண்டையும் மனதுக்குள் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெரிய தலைவலி! 1963இல் ஹார்வி டப்னர் இதைச் சுலபமாக்கினார். 2 முதல் 6 வரை விழுந்தால் பிளஸ் 1. 7, 8, 9க்கு ஒன்றுமில்லை. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தால் மைனஸ் 1. இதற்கு ஹை-லோ என்று பெயர். எண்ணும் வேலை போய்விட்டது, கவுண்டிங் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதனால்தான் ‘சீட்டு எண்ணுதல்’ என்ற நேர் மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. கட்டில் 52 சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒலிக்கிறது. ‘சீட்டுக் கணிப்பு’ என்றால் கிளி ஜோசியம் ஞாபகம் வரும். ‘சீட்டுக் கணக்கு’ என்றாலோ மாதச் சீட்டு பிடிப்பவரின் நோட்டுப் புத்தகம். ஆனால் துருப்பு ஆட்டம் ஆடுகிறவர்கள் “எத்தனை துருப்பு விழுந்திருக்கு?” என்று கணக்கு வைப்பார்களே, அந்தப் பேச்சிலேயே நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது. ‘விழுந்த சீட்டுக் கணக்கு’ என்பேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் காரியத்தைச் சரியாகச் சொல்கிறது.

கூடவே வரும் இரண்டு சொற்கள். பிளஸ், மைனஸைக் கூட்டிக்கொண்டே வரும்போது கிடைப்பது ரன்னிங் கவுண்ட், அதைத் தொடர் கணக்கு எனலாம். பல கட்டுகளைக் கலந்து ஆடும்போது, அதை மிச்சமுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ட்ரூ கவுண்ட், மெய்க் கணக்கு. தொடர் கணக்கு பிளஸ் 6, மிச்சம் மூன்று கட்டு என்றால் மெய்க் கணக்கு பிளஸ் 2. அது ஏற ஏற ஆடுகிறவருக்கு நல்லது. கட்டில் பெரிய சீட்டு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். கையில் 16 வரை இருந்தால் டீலர், அதாவது விடுதி சார்பில் சீட்டுப் போட்டு ஆடுபவர், இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும், பெரியது வந்தால் 21ஐத் தாண்டிவிடுவார். மனதில் கணக்கு வைப்பது அமெரிக்காவில் குற்றமில்லை, ஆனாலும் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகள் இப்படி ஆடுகிறவரை வெளியே அனுப்பிவிடலாம்.

வீட்டில் பழகக் காசு தேவையில்லை, ஒரு கட்டு போதும். நன்றாகக் கலைத்து, ஒரு சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து வையுங்கள். மீதி 51ஐ ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூட்டுங்கள். அப்புறம் இரண்டிரண்டாக. ராஜாவும் ஐந்தும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், கண் அப்படியே தாண்டிப் போகலாம். அரை நிமிடத்துக்குள் முடிக்கும்வரை விடாதீர்கள். முழுக் கட்டின் கூட்டல் பூஜ்யம். ஆகவே 51 சீட்டில் கணக்கு பிளஸ் 1இல் நின்றால், கவிழ்த்து வைத்தது பெரிய சீட்டு. நேற்றிரவு எனக்கு மைனஸ் 1 வந்தது. திருப்பினேன்: இஸ்பேட் நான்கு.