கதிர் தள்ளாத பயிர்

ரத்தம் தடவிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து 200 வெள்ளணுக்களை எண்ணி முடித்தேன். பிளாஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பிஞ்சு செல்கள் 6, அதாவது 3 சதவீதம். ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ஸ்லைடின் வேறொரு பக்கத்தில் இன்னொரு 200 எண்ணினேன். இந்த முறை 5. சரி, தப்பித்தார்.

ஸ்லைடுக்கு உரியவர் குடியாத்தத்துக்காரர். லுங்கித் தறி வைத்திருக்கிறார். முதல் தடவை வந்தபோது வெள்ளணு 1,80,000 இருந்தது, மண்ணீரல் தொப்புள் வரை இறங்கியிருந்தது. சி.எம்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். இமாடினிப் மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் கவுன்ட் 7,000. ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டவர், அப்புறம் நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து இடது விலாவுக்குக் கீழே மறுபடி கனம்.

"ரிப்போர்ட்டுல எல்லாம் நார்மல்னு வந்துச்சே டாக்டரம்மா, இன்னாத்துக்கு சும்மா மாத்திரை முழுங்கிக்கினு இருக்கணும்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல மஜ்ஜைக்குள் போக வேண்டும்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களைத் தயாரிக்கிறது. வேகமாகப் பெருகுவதுதான் புற்றுநோய் என்றால் நாம் எல்லோருமே நோயாளிகள். ஆரணிப் பக்கம் நெல் விளையும் வீட்டில் வளர்ந்தவள் நான், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நட்ட நாற்று தூர் கட்டும், ஒன்று பத்தாகும். ஒரு கட்டத்தில் தூர் கட்டுவதை விட்டுவிட்டுக் கதிர் தள்ளும். மஜ்ஜையில் இருக்கும் முன்னோடி செல்களும் அப்படித்தான். பிரிந்து பெருகும், பெருகப் பெருக முதிரும், கடைசியில் சிவப்பணுவாகவோ நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவாகவோ ஆனபின் பிரிவதே கிடையாது. சிவப்பணுவுக்கு 120 நாள் ஆயுசு, பிளேட்லெட்டுக்குப் பத்து நாள்.

தூர் மட்டும் கட்டிக்கொண்டு, கதிரே தள்ளாத பயிரை நினைத்துப் பாருங்கள். வயல் பச்சைப் பசேலென்று இருக்கும், களத்துக்கு ஒரு மணி வராது. அக்யூட் லுக்கீமியா என்கிற, வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய் அதுதான். வெள்ளணு லட்சத்தைத் தாண்டியும் நோயாளிக்குக் காய்ச்சல் விடாததற்குக் காரணம், அத்தனையும் வேலைக்கு உதவாத பிஞ்சுகள்.

இதைக் கண்ணால் காட்டும் ஒரு பரிசோதனை உண்டு. எலியின் மஜ்ஜையிலிருந்து முன்னோடி செல்களை எடுத்து, மெத்தில்செல்லுலோஸ் என்ற கொழகொழப்பான ஊடகத்தில் கலந்து தட்டில் ஊற்றுவார்கள். ஊறிய பாதாம் பிசின் மாதிரி இருக்கும். செல்லால் நகர முடியாது, இருந்த இடத்திலேயே பெருகி ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். ஒரு வாரம் போனதும் புள்ளிகளைக் கலைத்துப் புதுத் தட்டில் போடுவார்கள். சாதாரண செல்கள் இரண்டாம் தட்டிலேயே சோர்ந்துவிடும், மூன்றாவதில் அநேகமாக ஒன்றும் முளைக்காது. அதே செல்களுக்குள் ஹாக்ஸ்-ஏ9 மரபணுவையோ, எம்.எல்.எல். இணைவு மரபணுவையோ புகுத்திவிட்டால் கதையே வேறு. நான்காம் தட்டு, ஐந்தாம் தட்டு என்று முளைத்துக்கொண்டே இருக்கும்.

ஹாக்ஸ்-ஏ9 எங்கிருந்தோ வந்து புகுந்த விஷம் என்று நினைக்காதீர்கள். உங்களிடமும் என்னிடமும் இருப்பதுதான். இளம் செல்லில் விளக்கு மாதிரி எரியும், செல் முதிர முதிர அணைந்துவிடும். 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் எம்.எல்.எல். மரபணு முறிந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த விளக்கை அணைய விடாது. ஒரு வயதுக்குள் குழந்தைகளுக்கு வரும் லுக்கீமியாவில் பெரும்பாலும் இந்த முறிவுதான். மெனின் என்ற புரதத்தின் துணை இல்லாமல் இது வேலை செய்யாது என்று தெரிந்தபின், மெனினைத் தடுக்கும் ரெவுமெனிப் மாத்திரை வந்தது. அமெரிக்காவில் 2024 நவம்பரில் அனுமதி கிடைத்தது.

குடியாத்தத்துக்காரருக்கு வருவோம். அவருடைய நோய்க்குக் காரணம், 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் பிறந்த பி.சி.ஆர்.-ஏ.பி.எல். மரபணு. குரோமோசோம் துண்டு இடம் மாறியிருக்கிறது என்று 1973-இல் காட்டியவர் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரவுளி. இந்த மரபணுவை மட்டும் முன்னோடி செல்லில் புகுத்தினால், தட்டுத் தட்டாக முளைக்கும் அந்தச் சாகாவரம் கிடைப்பதில்லை. 'பெருகு' என்ற சுவிட்ச் அணையாமல் கிடக்கும், அவ்வளவுதான். செல்கள் முதிரவும் செய்யும். அதனால்தான் அவர் ஸ்லைடில் பிஞ்சு, காய், பழம் எல்லாமே தெரிந்தன, லட்சம் கவுன்ட்டோடு அவரால் தறியும் ஓட்ட முடிந்தது.

அப்படியானால் நோய் எப்படி ஓயாமல் தொடர்கிறது? அது குடியிருப்பது ரத்த செல்களுக்கெல்லாம் தாயான ஸ்டெம் செல்லில். அதற்கு இயல்பிலேயே முடிவில்லாத ஆயுசு. மாத்திரை அதன் வாரிசுகளை ஒடுக்குகிறது, தூங்கும் ஸ்டெம் செல் தப்பிவிடுகிறது. கோரைப் புல்லைப் பிடுங்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மேலே ஒன்றும் தெரியாது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கவுன்ட் 7,000 என்பது மேலே தெரிவது. அளவில்லாமல் பெருக விட்டால், ஏதோ ஒரு செல்லில் இரண்டாவதாக ஒரு மரபணு பழுதாகி, முதிர்வதும் நின்றுவிடலாம். பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட்டால் அது வேறு நோய் மாதிரி. நான் இரண்டு தடவை எண்ணியது இதற்காகத்தான்.

ஆகவே சி.எம்.எல். நோயாளிகள் பார்க்க வேண்டியது, அந்த மரபணு ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். சதவீதத்தை. 3 மாதத்தில் 10-க்குள், 6 மாதத்தில் 1-க்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் இறங்க வேண்டும். பல வருடம் மிகக் குறைவாகவே இருந்தவர்களுக்கு டாக்டரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது.

கதிர் தள்ளாத பயிரைத் தள்ள வைக்கவும் வழி உண்டு. ஏ.பி.எல். (APL; மேலே வந்த பி.சி.ஆர்.-ஏ.பி.எல். மரபணு வேறு, இது வேறு) என்ற அக்யூட் லுக்கீமியாவில் 15, 17 குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு முதிர்ச்சியை மறிக்கின்றன. வைட்டமின் ஏ-யின் உறவான ஏ.டி.ஆர்.ஏ. மருந்தும் ஆர்சனிக்கும் அந்த அடைப்பை எடுத்துவிடுகின்றன, பிஞ்சுகள் முதிர்ந்து தாமே சாகின்றன. 1998 முதல் 2004 வரை வேலூர் சி.எம்.சி.யில் ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து 72 பேருக்கு வைத்தியம் பார்த்தார்கள், 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. உடனே பாஷாண மருந்து தேடிப் போகாதீர்கள். இது அளந்து நரம்பில் ஏற்றி, இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே கொடுப்பது.

ஏ.பி.எல். ஆரம்ப நாட்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து உயிரை எடுக்கக்கூடியது. எனக்குப் பெரிய மனத்தாங்கல் இங்கேதான். மழைக்காலத்தில் பிளேட்லெட் 20,000 என்றாலே டெங்கு என்று முடிவு கட்டிப் பப்பாளி இலைச் சாற்றில் நான்கு நாள் போய்விடுகிறது. அப்படி வந்த ஒரு பெண்ணின் ஸ்லைடில், செல்லுக்குள் ஊசி ஊசியாக, கட்டி வைத்த விறகுச் சுமை போலக் குச்சிகளைப் பார்த்தேன். ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திராமல் போனை எடுத்தேன். மரபணு ரிப்போர்ட் வருமுன்பே, சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்க வேண்டிய நோய் இது. பிளேட்லெட் குறைந்து, ஈறில் ரத்தமும் தோலில் கன்றிய நீலமும் இருந்தால், மெஷின் கவுன்ட்டோடு நிற்காமல் 'ஸ்மியர் பார்த்தீர்களா', அதாவது ரத்தத்தை ஸ்லைடில் தடவிக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், தோல் பதனிடும் குரோமியத்தால் வந்ததா என்று கேட்பார்கள். சுவாசத்தில் போகும் ஆறாம் நிலைக் குரோமியம் நுரையீரலுக்குத்தான் புற்றுநோய் தரும். மஜ்ஜைக்கு எமன் பென்சீன். ஷூ ஒட்டும் பசையில் வேலை செய்பவர்கள் காற்றோட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். தம்பிக்கு வந்தால் அக்காவுக்கும் வருமா, கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். மேலே சொன்ன பழுதுகள் ஒருவருடைய ஒரு ரத்த செல்லில் நேர்ந்தவை, வம்சத்தில் இறங்கியவை அல்ல.

குடியாத்தத்துக்காரர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். போன மாதம் சதவீதம் 0.4. ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அந்தக் கிழங்கு இன்னும் கீதா டாக்டரம்மா?"

"இருக்குண்ணே."

"சரி," என்று ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைப் பக்கம் நடந்தார்.