ஆயிரம் டாலர் எத்தனை கை மாறும்?

வெளிநாட்டு உதவியால் வறுமை குறைகிறதா என்று கேட்டால் பொருளாதார வல்லுநர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். நாடுகளின் கணக்கை வைத்து இதற்கு விடை சொல்வது கடினம். ஏழை நாடுகளுக்குத்தான் உதவி அதிகம் போகிறது; அப்புறம் உதவி போன இடத்தில் வறுமை இருக்கத்தானே செய்யும்?

அதனால் சில ஆய்வாளர்கள் குலுக்கலில் இறங்கினார்கள். மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்கள். எந்த ஊருக்குப் பணம், எந்த ஊருக்கு இல்லை என்பதைக் குலுக்கலே முடிவுசெய்தது. கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் 2014 முதல், புல் வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலரைக் கைபேசிக்கே அனுப்பியது. திருப்பித் தர வேண்டாம், என்ன செய்தாய் என்ற கேள்வியும் இல்லை.

வாங்கியவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். சரி, அதில் என்ன வியப்பு? வாங்காத அக்கம்பக்கத்தாரின் செலவும் கூடியதுதான் செய்தி. ஒருவர் தகரக் கூரை போட்டால் தச்சருக்குக் கூலி; தச்சர் சோளம் அரைத்தால் மில்காரருக்குக் காசு; மில்காரர் சந்தையில் மீன் வாங்குவார். இப்படிக் கை மாறி, வந்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் மதிப்பை உண்டாக்கியது.

இவ்வளவு பணம் கொட்டினால் விலைவாசி எகிறியிருக்க வேண்டுமே? சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறியது. மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், பாதி நாள் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கிறார். இன்னும் பத்துப் பேர் வந்தால் காத்திருக்கும் நேரம்தான் குறையும். கூலியை ஏற்ற அவசியமில்லை. எல்லோரும் ஏற்கெனவே ஓய்வில்லாமல் உழைக்கும் ஊரில் இதே பணம் விலையைத்தான் ஏற்றிவிடும்.

உணவு உதவியை இதோடு ஒப்பிடலாம். அமெரிக்கா கடல் கடந்து அனுப்பும் உணவு உதவியில் குறைந்தது பாதி, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போகவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பசி அடங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கப்பல் வாடகை அமெரிக்காவிலேயே தங்கிவிடுகிறது, தச்சருக்கும் மில்காரருக்கும் அதில் பங்கில்லை.

சியாயா ஆய்வாளர்களில் ஒருவரான பால் நீஹாஸ், கிவ்டைரக்ட்லியைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அதை மனதில் வைத்தே படிக்கவேண்டும். ஆனாலும் தங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றையும் அவர்கள் மறைக்கவில்லை: கடைகளின் வரவு கூடியபோதும், புதிய இயந்திரம், புதிய கட்டடம் என்று முதலாளிகள் பெரிதாக முதலீடு செய்துவிடவில்லை.