யோம் கிப்பூர் அன்று ஜூஸ் கொடுக்கத் தயங்காதீர்கள்

யூதர்கள் பாவமன்னிப்புக்காக நோன்பு இருக்கும் நாள் யோம் கிப்பூர். போன யோம் கிப்பூர் அன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு பாட்டியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். 78 வயது, 20 வருடச் சர்க்கரை நோய். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறல், சர்க்கரை அளவு 2.3, அதாவது நம் ஊர்க் கணக்கில் 41. முந்தைய நாள் மாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனால் காலையில் போட வேண்டிய, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். கூட வந்தவர் அவரைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அக்கா. கையில் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில், மூடியே திறக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "டொக்டர், அவ விரதம். கடவுள் காரியத்தில நான் எப்பிடிக் குறுக்க நிக்கிறது?" என்றார்.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தவர் நம்பிக்கையை மதிக்கும் மனசு அது. ஆனால் வடலண்டனில் இத்தனை வருடமாக யூதக் குடும்பங்களுக்குச் சர்க்கரை நோய் வைத்தியம் பார்க்கும் எனக்கு, ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இங்கேயும் இஸ்ரேலிலும் யூத முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடம்பை வருத்த வருத்தப் பரிசுத்தம் கூடும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், யூத மரபு அப்படிச் சொல்லவே இல்லை. நேர்மாறாகச் சொல்கிறது.

யூதச் சட்ட வாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதில் தானீத் என்ற பகுதியில் இதைப் பற்றி ஒரு வாதமே இருக்கிறது. தானாக முன்வந்து நோன்பு இருப்பவன் பாவி என்கிறார் ஷ்முவேல் என்ற அறிஞர். இல்லை, அவன் பரிசுத்தன் என்கிறார் ரபி (யூத மதகுரு) எலாசர். கடைசியில் தல்மூத் சொல்வது, தாங்கும் உடம்பு இருப்பவனுக்கு ஒரு கணக்கு, தாங்காதவனுக்கு வேறு கணக்கு என்பதுதான். யோம் கிப்பூர் தானாக இருக்கும் நோன்பு இல்லை, யூத வேதமான தோராவே விதித்த 25 மணி நேர நோன்பு, வருடத்திலேயே மிகப் பெரிய நாள். அந்த நாளிலேயே நோயாளிக்கு உணவு கொடுக்கச் சொல்லி, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவில் யோமா நூலின் எட்டாம் அத்தியாயத்தில் சட்டம் இருக்கிறது. தேர்ந்த வைத்தியர் சொன்னால் கொடு, வைத்தியர் இல்லாவிட்டால் நோயாளியே கேட்டாலும் கொடு. வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளி தனக்கு வேண்டும் என்றால் நோயாளி பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது, ஏனென்றால் தன் நெஞ்சின் வேதனை அவரவருக்குத்தான் தெரியும்.

சர்க்கரை வைத்தியம் பார்ப்பவள் என்பதால் அதே அத்தியாயத்தில் என்னை உலுக்கிய இடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'புல்மோஸ்' என்று ஒரு நிலையை அது சொல்கிறது. திடீர்ப் பசி வந்து, கண் இருண்டு, ஆளே தடுமாறும் நிலை. அப்படிப்பட்டவனுக்குக் கண்ணில் ஒளி திரும்பும்வரை சாப்பிடக் கொடு, கிடைத்தது விலக்கப்பட்ட உணவாக இருந்தாலும் கொடு என்கிறது. தேனும் இனிப்பும் கண்ணுக்கு ஒளி தரும் என்று தல்மூத் சேர்த்துச் சொல்கிறது. அன்று அந்தப் பாட்டிக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியபோது நான் பார்த்ததும் அதேதான். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது, என் பெயர் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அப்புறம் அழுதார். நோன்பு முறிந்ததற்காக. இந்த வருடம் நல்ல மனுஷியாக மாற வேண்டும் என்று இருந்தேன், மருமகளிடம் வருடம் முழுக்க சிடுசிடுத்துவிட்டேன், நோன்பையும் முடிக்க முடியாவிட்டால் எனக்கு ஏது மன்னிப்பு என்றார். மருத்துவமனை ரபியை வரவழைத்தோம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோயாளிக்கு உணவு கொடு என்று சொல்லும் அதே அத்தியாயத்தின் கடைசிப் பகுதியை எடுத்துச் சொன்னார்: மனிதன் மனிதனுக்குச் செய்த தவறை யோம் கிப்பூர் மன்னிக்காது, அவனிடமே போய்ச் சமாதானம் ஆகும்வரை. இன்று நீங்கள் சாப்பிடுவதுதான் உங்களுக்குக் கட்டளை, மருமகள் விஷயம் வேறு, அதை உணவை மறுத்துத் தீர்க்க முடியாது என்றார். இருட்டி நட்சத்திரம் தெரிந்து யோம் கிப்பூர் முடிந்த பிறகு, பாதி டோஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டி போன் கேட்டார். திரைச்சீலையை இழுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

யூத மரபில் மனசைத் திருத்துவதும் உடம்பைப் பேணுவதும் ஒரே பாடம். ரம்பாம் என்று அவர்கள் அழைக்கும் மைமோனிடிஸ், கோர்டோபாவில் பிறந்து எகிப்தில் 1204-ல் இறந்த வைத்தியர், சட்ட அறிஞரும்கூட. கோபம், பேராசை, கஞ்சத்தனம் போன்ற குணங்களை எப்படிச் சீராக்குவது என்று எழுதிய அதே பகுதியில்தான், பசித்தால் மட்டும் சாப்பிடு, வயிறு முட்டச் சாப்பிடாதே, உடம்பை அசைத்து வேலை செய், எட்டு மணி நேரம் தூங்கு என்று எழுதியிருக்கிறார். நோயாளியாகக் கிடப்பவனால் படைத்தவனை அறிய முடியாது, ஆகவே உடம்பை நலமாக வைத்திருப்பதே இறைவனின் வழிகளில் ஒன்று என்பது அவர் சொல்லும் காரணம். குணத்தைத் திருத்துவதையே ஓர் இயக்கமாக்கிய ரபி இஸ்ராயேல் சலாந்தர், 1848-ல் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) காலரா பரவியபோது, யோம் கிப்பூர் அன்று சாப்பிடுங்கள் என்று மக்களுக்குச் சொன்னதாக இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

கோஷர் சாப்பாடு என்றாலே உடம்புக்கு நல்லது என்ற பேச்சையும் தயவுசெய்து விடுங்கள். கோஷர் என்பது எதை உண்ணலாம் என்ற சட்டம், சர்க்கரை அளவு அல்ல. 'பரிசுத்தராயிருங்கள்' என்ற லேவியராகம வரிக்கு 13-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ரம்பான் (நாக்மனிடிஸ், மேலே சொன்ன ரம்பாம் வேறு), அனுமதிக்கப்பட்டதை மட்டுமே தின்றும் ஒருவன் பெருந்தீனிக்காரனாக இருக்க முடியும், ஆகவே அனுமதித்ததிலும் அளவு பார்ப்பதுதான் பரிசுத்தம் என்கிறார். வெள்ளி இரவு ஹல்லா ரொட்டி, சனி மதியம் சோலெண்ட் என்ற இறைச்சி, பீன்ஸ் கூட்டு, இடையில் கூகல் என்ற நூடுல்ஸ் அல்லது உருளைக்கிழங்குப் பணியாரம் என்று போனால் ஞாயிற்றுக்கிழமை மீட்டர் காட்டும் எண்ணை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. யோம் கிப்பூருக்குச் சுமார் நாற்பது நாள் முன்பு, யூத நாட்காட்டியின் எலுல் மாதம் பிறந்ததுமே, டாக்டரையும் அவர்கள் நம்பும் ரபியையும் கேளுங்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசினால் இன்னும் நல்லது. நோன்பு இருக்கலாமா கூடாதா என்ற தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை இல்லை, என் வேலையும் மட்டும் இல்லை. சிலருக்கு ரபி சிறுசிறு அளவாக உண்ணச் சொல்வார்: பொதுவாக 30 மி.லி. அளவுக்குள் உணவு, பிறகு 9 நிமிட இடைவெளி, தண்ணீர் ஒரு கன்னம் நிறைவதற்கும் குறைவாக. என் நோயாளி ஒருவர் வீட்டில் சின்னக் கண்ணாடி டம்ளரில் பிளாஸ்டர் ஒட்டி அளவு குறித்து, தட்டில் கடிகாரத்தோடு முதல் நாளே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அப்படி வையுங்கள்.

மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. இன்சுலினும் கிளிக்லசைடும் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். டாபாகிளிப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் தண்ணீர் குடிக்காத உடம்பில் வேறு சிக்கலைக் கொண்டுவரும். டைப் 1 உள்ளவர் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது. எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வயதானவர்களுக்குப் பல நேரம் நடுக்கம் தெரியாது, சும்மா எரிச்சலாகப் பேசுவார்கள், பிரார்த்தனைப் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவார்கள். அதைக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரை பாருங்கள்.

அளவு 4-க்கு (நம் ஊர்க் கணக்கில் 72) கீழே போனால் 9 நிமிடக் கணக்கெல்லாம் கிடையாது. விழுங்க முடிகிறவர் என்றால் ஒரு சின்ன டம்ளர் ஜூஸ் முழுதாக, பதினைந்து நிமிடத்தில் மறுபடியும் சோதனை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விலக்கப்பட்ட நாளில் போனைத் தொடலாமா என்று யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உயிர் ஆபத்தில் இருக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவன் ரத்தம் சிந்துகிறான் என்பது எருசலேம் தல்மூதின் வார்த்தை. இங்கே ஹட்சோலா என்ற யூத ஆம்புலன்ஸ் அமைப்பின் தொண்டர்கள், வண்டி ஓட்டவே கூடாத ஓய்வு நாளான சப்பாத்து அன்றும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.

அந்த அக்காவுக்கு இதையெல்லாம் அன்று இரவே வார்டு வாசலில் சொன்னேன். கையில் வைத்திருந்த ஜூஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இந்த வருடம் அவரே எனக்குப் போன் செய்தார், எலுல் பிறந்து மூன்றாம் நாள்.