ஆறு மடங்கு இட்லி

சமன்பாடாகக் கொடுத்தால் மகள் தீர்த்துவிடுகிறாள், அதையே வாக்கியமாகக் கேட்டால் பென்சிலைக் கடிக்கிறாள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஜாதகத்தில் புதன் சரியில்லை என்று யாரோ சொன்னார்களாம். புதனை விடுங்கள், பாவம்.

கூட்டல், கழித்தலில் பெரிய சிக்கல் இல்லை. தம்பியின் வயது த என்றால், 5 வயது மூத்த அண்ணனின் வயது த + 5. 'ஓர் எண்ணைவிட 5 குறைவு' என்பதும் சொன்ன வரிசையிலேயே அ − 5 ஆகிவிடும். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும்போது ஐந்து முந்திக்கொள்ளும்; பிள்ளைகள் 5 − அ என்று எழுதிவிடுவார்கள். இந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது.

காலை வாரிவிடுவது மடங்குதான். 'ஒரு கடையில் விற்கும் வடைகளைப்போல் ஆறு மடங்கு இட்லிகள் விற்கின்றன.' இ, வ என்று வைத்து எழுதிப் பாருங்கள். வடை, ஆறு, இட்லி என்று வாக்கியம் போகிற போக்கில் கையும் வ = 6இ என்று எழுதிவிடும். பத்து வடை விற்றால் அறுபது இட்லி விற்றிருக்க வேண்டும்; போட்டுப் பார்த்தால் 10 = 360!

வரிசை மட்டும் காரணமில்லை. 6இ என்பதை 'ஆறு இட்லி' என்று படித்துவிடுகிறோம். இ என்பது இட்லி இல்லை, சாமி. விற்ற இட்லிகளின் எண்ணிக்கை. சமன்பாடும் தட்டில் இருப்பதை அப்படியே வரைந்த படம் இல்லை. குறைவாக இருப்பது வடை. அதை ஆறால் பெருக்கினால்தான் இட்லிக்கு ஈடாகும். ஆகவே இ = 6வ.

அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் 1982இல் வெளியிட்ட ஆய்விலும் இதே அச்சில் ஒரு கேள்வி: பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள். முதலாண்டு பொறியியல் மாணவர்களில் 37 சதவீதம் பேர் தவறவிட்டார்கள். அதில் பெரும்பாலானவை இதே தலைகீழ்ச் சமன்பாடு. தாளும் பென்சிலும் போதும் இப்படி ஓர் ஆய்வுக்கு. நம் பள்ளிகளிலும் செய்து பார்க்க யாராவது நிதி ஒதுக்கினால் தேவலை.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரர், தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரை வைத்தார்: காலகம் என்றால் கறுப்பு, நீலகம் என்றால் நீலம். சுருக்கமாகக் கா, நீ. நீலத்தைப் பார்த்து யாரும் இட்லி என்று நினைக்கப்போவதில்லை. சரி, மகளும் இ, வ இரண்டையும் அழித்துவிட்டுக் கா, நீ என்று வைத்துப் பார்க்கட்டும். அதற்கு முன்னால், 'நீ = ஒரு நாளில் விற்ற இட்லிகளின் எண்ணிக்கை' என்று முழுசாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.